உதுமான் கடை நம்பர்

– வைக்காதே நாஸியா. வெச்சேன்னா மறுபடியும் அடிப்பேன். என் நம்பரைத்தான் பிளாக் பண்ணி வெச்சிருக்கே, இது ஆப்ரின் ஃபோன். இதையும் பிளாக் பண்ணேன்னா பக்கத்து வீட்டு ராஜம்மா ஃபோனை வாங்கி அடிப்பேன்.

– ஹலோ, யாருங்க பேசுறது?

– யாரா? ரசியா. உன் கூடப் பிறந்தவ.

– எங்க லாத்தா குரல் மாதிரித்தான் இருக்கு. ஆனா எங்க லாத்தா என்கூடப் பேசி மூணு வருஷம் ஆச்சுங்களே. இப்பல்லாம் குரலைக்கூட கம்ப்யூட்டர்ல செஞ்சு ஏமாத்துறாங்களாம். நீங்க ஸ்கேமர் இல்லேன்னு நான் எப்படி நம்புறது, மேடம்?

– இந்தா பாரு, எனக்கு உன்கூட விளையாட நேரமில்ல. அத்தா நம்பர் சிம் உன்கிட்டதானே இருக்கு? அதுக்கு இப்ப ஒரு மெசேஜ் வரும். ஆறு நம்பர் இருக்கும். அதைப் படிச்சுச் சொல்லு, நான் வெச்சிடறேன். அப்புறம் இன்னும் மூணு வருஷம் பேசாம இருந்துக்கலாம்.

– ஸ்கேமரேதான். போன வாரம்தான் பள்ளிவாசல்ல ஒருத்தர் வந்து பேசிட்டுப் போனாரு. யாரு கேட்டாலும் அந்த ஆறு நம்பரைச் சொல்லாதீங்க, சொந்த லாத்தாவே கேட்டாலும் சொல்லாதீங்கன்னாரு.

– லாத்தான்னு சொன்னாரா அவரு?

– அது நான் சேத்துக்கிட்டது.

– அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சி, ஆப்ரின் பேசுறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கோம். ம்மாவுக்கு டென்ஷன்ல ஒழுங்கா சொல்ல வரல. நான் சொல்லட்டுமா?

– வஅலைக்கும் ஸலாம். ஆப்ரினா? குரலே பெரிய பொம்பளை மாதிரி ஆயிருச்சேடி. பசியாறிட்டியா?

– ஆச்சு சாச்சி. ஓகே, விஷயம் இதுதான். நேத்து அந்த சாட் ஆப் அப்டேட் ஆச்சு. புது வெர்ஷன். காலைல எழுந்து பாத்தா ம்மா ஃபோன்ல கடை சாட் லாக் அவுட் ஆகிக் கிடக்கு. திரும்ப சைன் இன் பண்ணணும்னா நன்னா நம்பருக்கு, அதாவது உங்க அத்தா நம்பருக்கு, ஒரு கோட் அனுப்புமாம். பேங்க்ல பணம் அனுப்பறப்ப ஃபோனுக்கு டேக் நம்பர் வருமே, அது மாதிரி. அது உங்ககிட்டதான் வரும்.

– எந்தக் கடை சாட்?

– நன்னாவோட பிரியாணிக் கடை, உதுமான் கடை சாட்.

– உதுமான் கடை ரெங்கத்துல இருக்கு. அதோட சாட் குளுவாங்ல எப்படி இருக்கும்?

– தெரியாத மாதிரி கேக்காதே நாஸியா. அத்தாவுக்கு டைப் பண்ண வராது. பட்டன் ஃபோனை கவுண்டர்ல வெச்சுக்கிட்டுப் பேச மட்டும்தான் தெரியும். அந்த நம்பருக்கு சாட்டை என் ஃபோன்ல நான்தான் திறந்தேன், அத்தா சொல்லித்தான் திறந்தேன். கால் வந்தா அவரு எடுப்பாரு, மெசேஜ் வந்தா நான் பதில் போடுவேன். உனக்குத் தெரியாதா இது?

– நல்லாத் தெரியும். அத்தா மவுத்தானாரு. கால் எனக்கு வந்துச்சு, மெசேஜ் உனக்குப் போச்சு. ஒரே நம்பரை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி. இந்த ஜொகூர்ல வேற யாரும் சொத்தை இப்படிப் பிரிச்சிருக்க மாட்டாங்க லா.

– நானா பிரிச்சேன்? நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச அன்னிக்கு, இன்னும் சட்டி கூடக் கழுவல, கடையை நாங்க பாத்துக்கறோம்னு சொன்னது யாரு?

– யாராவது பாத்துக்கத்தானே வேணும்? நீ குளுவாங்ல கட்டிக் குடுத்துப் போனவ. தினமும் விடியுமுன்ன ரெங்கத்துக்கு வந்து நிப்பியா?

– நின்னிருப்பேன். நீ ஒரு வார்த்தை கேட்டியா?

– ம்மா, சாச்சி, ரெண்டு பேரும் ப்ளீஸ். டைம் ஓடுது.

– என்ன டைம் ஓடுது? நானும் காலைலேர்ந்து நிக்க நேரமில்லாம இருக்கேன்.

– கனகராஜ்னு ஒருத்தர் சாச்சி. ரெங்கம் பக்கத்துல ஒரு ஃபேக்டரில மேனேஜர். ஞாயித்துக்கிழமை அவங்க ஃபேமிலி டே. ஐநூறு பேருக்கு பிரியாணி கேட்டிருக்காரு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும், இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு நேத்தே மெசேஜ் போட்டுட்டாரு. ம்மா காலைல பதில் போடலாம்னு இருந்தாங்க. அதுக்குள்ள இப்படி.

– கால் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே?

– அவரு நம்பரே அந்த சாட்டுக்குள்ளதான் இருக்கு.

– நம்பரை எழுதி வெச்சுக்கிறதில்லையா லாத்தா? இவ்வளவு வருஷம் வியாபாரம் பண்றே.

– உன் புருஷன் நம்பர் உனக்கு மனப்பாடமாத் தெரியுமா? சொல்லு பாப்போம்.

– சைபர் ஒண்ணு... இரு... சைபர் ஒண்ணு ரெண்டு... சரி, அதை விடு.

– ஃபேக்டரிக்கும் அடிச்சுப் பாத்துட்டேன். ஆபீஸ்ல ஒரு பொண்ணு எடுத்தா. மேனேஜர் வெளியே போயிருக்காரு, அவரு நம்பரெல்லாம் தரக்கூடாதுன்னு வெச்சுட்டா. இப்ப எனக்கு உன்னை விட்டா வேற வழியில்ல. இருந்திருந்தா உன் வாசப்படிக்கு வந்திருப்பேனா? கோட் நம்பரைச் சொல்லு.

– கேக்கற விதத்தைப் பாரு. ஏதோ நான் உனக்குக் குடுக்க வேண்டியதை ஒளிச்சு வெச்சிருக்கிற மாதிரி.

– நாஸியா, நான் சும்மா கேக்கல. மூணு வருஷமா வீட்டுப் பின்னாடி ஒரு கூடாரத்தைப் போட்டுக்கிட்டு சமைக்கிறேன். மழை பெஞ்சா குடையைப் பிடிச்சுக்கிட்டு சட்டியைக் கிண்டறேன். இருபது பேருக்கு, முப்பது பேருக்குன்னு ஓடுது. இந்த ஃபேக்டரிக்காரங்க ஒரு தடவை சாப்ட்டு நல்லா இருக்குன்னு சொன்னா ஒவ்வொரு மாசமும் எடுப்பாங்களாம். எனக்கு இது வேணும். வேற யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

– சரி. அனுப்பச் சொல்லு. வந்தா பாக்கலாம்.

– அனுப்பி அஞ்சு நிமிஷமாச்சு சாச்சி. இன்னும் வரலையா?

– வரல.

– பொய் சொல்லாதே.

– அலமாக், வரலேன்னா வரலதான். நான் என்ன நம்பரைச் சட்டைப் பையிலயா வெச்சிருக்கேன்?

– ம்மா, இருங்க. சாச்சி, அந்த பட்டன் ஃபோன்ல சிக்னல் கோடு இருக்கா? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.

– ம். பண்ணிட்டேன். வரல.

– அதுக்குள்ளயா? அந்த ஃபோன் ஆன் ஆகறதுக்கே ஒரு பாட்டுப் பாடி முடிக்குமே சாச்சி. நன்னாவுக்கு எத்தனை தடவை நான் ஆன் பண்ணிக் குடுத்திருக்கேன்.

– நீ உங்கம்மாவை விட மோசமா இருப்பே போல இருக்கே. சரி, சிம் அதுல இல்ல. அந்த ஃபோன் போன மாசம் உயிரை விட்டுருச்சு. வேற டச் ஃபோன் வாங்கி அதுல போட்டிருக்கேன். இப்ப பேசறது என் ஃபோன், அது என் இன்னொரு கையில இருக்கு. மெசேஜ் வரல. இது சத்தியம்.

– ஓகே. அப்ப மெசேஜ் வேணாம், கால் பண்ணிச் சொல்லச் சொல்றேன். அதுல ஒரு ஆப்ஷன் இருக்கு. ஒரு வாய்ஸ் கூப்பிட்டு ஆறு நம்பரையும் படிக்கும். எடுத்துக் கேளுங்க.

– சரி, வரட்டும்.

– இல்ல சாச்சி, அதையும் அமுக்க முடியல. பட்டன் சாம்பல் கலர்ல கிடக்கு. கீழே சின்னதா ஏதோ எழுதியிருக்கு. ம்மா, கொஞ்சம் தள்ளுங்க, நான் பாக்கறேன். 'இந்த நம்பருக்குப் பல முறை கோட் கேட்கப்பட்டுள்ளது. மீண்டும் கேட்க மாலை வரை காத்திருக்கவும்.'

– மாலை வரைக்குமா? பன்னெண்டு மணிக்கே எல்லாம் முடிஞ்சிரும்டி.

– ம்மா, நாம எத்தனை தடவை கேட்டோம்?

– ஒரு தடவைதான். நீதானே அமுத்துனே.

– அப்ப மிச்சத் தடவையெல்லாம் யாரு கேட்டா?

– எனக்கென்ன தெரியும்? அப்டேட் ஆனா இப்படித்தான் ஏதாவது கோளாறு வரும்னு ராஜம்மா சொன்னா.

– இல்லம்மா, மெஷின் சும்மா கணக்குப் போடாது. யாரோ காலைலேர்ந்து நன்னா நம்பரைப் போட்டுத் திரும்பத் திரும்ப கோட் கேட்டிருக்காங்க. அந்தக் கோட் போய்ச் சேர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான்.

– நாஸியா.

– என்ன?

– அங்கேயும் அப்டேட் வந்துச்சா?

– எல்லாருக்கும்தான் வந்துச்சு. உனக்கு மட்டும் தனியாவா அனுப்புவாங்க?

– வந்து என்ன ஆச்சு?

– அந்தப் புது ஃபோன்ல அந்த ஆப் சும்மாதான் கிடந்துச்சு, நான் திறந்ததே இல்ல. நேத்து ராத்திரி அதுவா அப்டேட் ஆகி, காலைல ஒரு பச்சைப் பட்டனைக் காட்டி, இந்த சிம் நம்பர்ல நுழையவான்னு கேட்டுச்சு. அமுத்தினேன்.

– அமுத்தினியா?

– அமுத்தினேன். ஆறு நம்பர் வந்துச்சு, போட்டேன். நான் இந்தப் பக்கம் நுழைஞ்சா நீ அந்தப் பக்கம் வெளியே போயிடுவேன்னு எனக்குத் தெரியாது.

– தெரிஞ்சிருந்தா?

– தெரிஞ்சிருந்தாலும் அமுத்தியிருப்பேன். எனக்கும் அதுல பங்கு இருக்கு லாத்தா. அது உன் நம்பர் இல்ல, அத்தா நம்பர்.

– இவ்வளவு நேரமும் என்னை ஸ்கேமர்னு சொல்லிக்கிட்டு இருந்தியே. அப்ப உள்ள போயிட்டியா? எல்லாத்தையும் பாத்துட்டியா?

– எங்க போக? வாசல்லதான் நிக்கிறேன். கோட் போட்டா அடுத்ததா பின் நம்பர் கேக்குது. அதுவும் ஆறு நம்பர். பின்னாடி போய், மறுபடி கோட் வாங்கி, மறுபடி போட்டு, மறுபடி அங்கேயே வந்து நிக்குது. அப்படியே காலை பூரா போச்சு.

– அல்ஹம்துலில்லாஹ்.

– எதுக்கு இப்ப அல்ஹம்துலில்லாஹ்?

– ஒண்ணுமில்ல. தும்மல் வந்துச்சு.

– அந்த பின் நான்தான் வைக்கச் சொன்னேன் சாச்சி, ஹேக் பண்ணிடுவாங்கன்னு. இவ்வளவு தூரம் வேலை செய்யும்னு நினைக்கல. ஓகே, இப்ப நிலைமையைச் சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. ம்மா ஃபோனுக்குச் சாயங்காலம் வரைக்கும் கோட் வராது. சாச்சி ஃபோன் ஏற்கெனவே கோட் போட்டு பின் கேக்கற இடத்துல நிக்குது. அந்த பின் ம்மா தலைக்குள்ள இருக்கு. ரெண்டும் ஒண்ணா சேந்தாத்தான் கதவு திறக்கும். வேற வழி இல்ல.

– இருக்கு. நாம இப்பவே ரெங்கத்துக்குப் போறோம். நானே என் கையால போடறேன். நாஸியா, அந்த ஃபோனை அப்படியே வெச்சுக்கிட்டு இரு, எதையும் தொடாதே.

– ம்மா, மணி பதினொண்ணே முக்கால். எவ்வளவு வேகமாப் போனாலும் அரை மணி நேரம் ஆகும்.

– எதுக்கு லாத்தா இவ்வளவு சுத்து? பின்னைச் சொல்லு. நானே அந்த கனகராஜுக்கு ஓகேன்னு போட்டு விட்டுடறேன்.

– நீ ஓகே மட்டும் போடுவியா? வேற எதையும் திறந்து படிக்க மாட்டியே?

– ஏன், உள்ள அப்படி என்ன இருக்கு?

– வியாபார விஷயம். உனக்கு எதுக்கு அது?

– எனக்குத் தெரியும் என்ன இருக்கும்னு. ரெங்கம் கடைக்குப் போகாதீங்க, அங்க அத்தா ருசி இல்ல, குளுவாங்லதான் உண்மையான உதுமான் பிரியாணி கிடைக்கும், இப்படித்தானே எழுதி வெச்சிருப்பே?

– நான் ஏன்டி அப்படி எழுதப் போறேன்?

– அப்புறம் ஏன் எனக்கு ஒரு கால் கூட வரல? மூணு வருஷம் அந்த ஃபோனை கவுண்டர்ல வெச்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தேன். அடிச்சா கை கழுவாம ஓடிப் போய் எடுப்பேன். எடுத்தா லோன் வேணுமான்னு கேப்பான். இல்லேன்னா உங்க பேர்ல பார்சல் வந்திருக்கும்பான். ஆர்டர்னு ஒருத்தர் கூப்பிடல. எல்லாரையும் நீ உன் பக்கம் இழுத்துக்கிட்டே.

– நான் ஒருத்தரையும் இழுக்கல நாஸியா. அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன். இப்ப யாரு கால் பண்றா? எல்லாரும் மெசேஜ்தான் போடறாங்க. அன்னிக்கு நீ கடையை எடுத்துக்கிட்டேன்னு நான் எரிஞ்சுக்கிட்டு இருந்தேன். கடையோட கஸ்டமர் பூரா என் கையில இருந்திருக்காங்கன்னு எனக்கே அப்புறம்தான் புரிஞ்சுது.

– புரிஞ்சப்ப கூப்பிட்டுச் சொன்னியா?

– என் நம்பரைத்தான் பிளாக் பண்ணிட்டியே.

– ஆப்ரின் நம்பர் இருந்துச்சே. இன்னிக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது? இன்னிக்கு உனக்குத் தேவை. அதான் கூப்பிட்டே.

– ஆமா, தேவைக்குத்தான் கூப்பிட்டேன். நீ என்ன செஞ்சே? கூப்பிடக்கூட இல்ல, நேரா உள்ள நுழையப் பாத்தே.

– ம்மா.

– நீ சும்மா இரு ஆப்ரின்.

– இல்லம்மா, நான் சும்மா இருந்தா இந்த ஆர்டர் போயிரும். இன்னிக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன், அதுக்காகவாவது ரெண்டு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. சாச்சி, அந்த ஸ்கிரீன்ல இப்ப என்ன எழுதியிருக்கு? அப்படியே படிங்க.

– 'பின் தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது.'

– ஒண்ணுதானா? எத்தனை தப்பாப் போட்டீங்க?

– நிறைய. என் பிறந்தநாள் போட்டேன். லாத்தா பிறந்தநாள் போட்டேன். அத்தா பிறந்தநாள் போட்டேன். அத்தா மவுத்தான நாளையும் போட்டுப் பாத்துட்டேன்.

– மவுத்தான நாளை எவளாவது பின் நம்பரா வெப்பாளாடி? ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அழறதுக்கா?

– அப்ப என்னதான் வெச்சே?

– ம்மா, சொல்லிடுங்க. சாச்சி இனிமே யோசிச்சுப் போட்டுத் தப்பாப் போச்சுன்னா மொத்தமா லாக் ஆயிரும். அப்புறம் உங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல.

– ஆப்ரின், ஒண்ணு கேக்கறேன். அவ ஃபோன்ல திறந்தா பழைய மெசேஜெல்லாம் அங்க வருமா?

– வராதும்மா. பழசு எல்லாம் உங்க ஃபோன்லதான் இருக்கும். அவங்க ஃபோன்ல புதுசா வர்றது மட்டும்தான் வரும். காலைலேர்ந்து வந்தது இருந்தா அது வரும்.

– பழசு ஒண்ணும் தெரியாது? நிச்சயமா?

– நிச்சயமா. ஏன், அப்படி என்னம்மா எழுதியிருக்கீங்க?

– ஒண்ணுமில்ல. சரி, நாஸியா, ஓகேன்னு மட்டும் போடு. ரெண்டு எழுத்து. அதுக்கு மேல ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது.

– சொல்லு முதல்ல.

– ஒண்ணு, ரெண்டு, மூணு.

– ம்.

– நாலு, அஞ்சு, ஆறு.

– விளையாடாதே லாத்தா, ஒரு தடவைதான் இருக்கு.

– நான் எதுக்கு விளையாடறேன்? ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும். அதான் பின்.

– ம்மா, நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வைங்கன்னு சொன்னேன்ல?

– யாருடி கண்டுபிடிச்சா? உன் சாச்சி காலை பூரா உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டா, அவளாலேயே முடியல.

– திறந்துருச்சு.

– திறந்துருச்சா? கனகராஜ் பேர் இருக்கா பாரு. சீக்கிரம் போடு.

– இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. காலைல போட்டது.

– படிக்க வேணாம்னு சொன்னேன்ல. ஓகே போடு.

– 'குட் மார்னிங் மேடம். நீங்க கொடுத்த ரெங்கம் உதுமான் கடை அட்ரஸுக்கு இன்னிக்கே வர்றேன். உங்க கிச்சனை நேர்ல பாத்துட்டுப் பன்னெண்டு மணிக்கு முடிவு சொல்றேன்.'

– இன்னிக்கா? நாளைக்கு வர்றதாத்தானே சொன்னாரு.

– லாத்தா.

– நாளன்னிக்குக் கூட ஆகலாம்னாரே.

– லாத்தா, என் கடை அட்ரஸை நீ எதுக்குக் குடுத்தே?

– ம்மா, எனக்குக்கூட இது தெரியாதே.

– வீட்டுல சமைக்கிறவங்களுக்கு ஃபேக்டரி ஆர்டர் குடுக்க மாட்டாங்களாம். லைசென்ஸ் உள்ள கடையா இருக்கணும், கிச்சனைப் பாக்கணும்னாரு. உங்க கடை எங்க இருக்குன்னு கேட்டாரு. எனக்கு வேற எந்தக் கடை தெரியும்? அத்தா கடை அட்ரஸை எழுதிட்டேன்.

– என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

– கேட்டிருந்தா குடுத்திருப்பியா?

– குடுத்திருக்க மாட்டேன்.

– அதான் கேக்கல. முதல்ல ஆர்டர் கையில வரட்டும், அப்புறம் உன் கடைக்கு வந்து நின்னு, ஒரு நாளைக்கு எனக்கு இடம் குடுன்னு கேக்கலாம்னு இருந்தேன். நீ என்ன பேசினாலும் வாங்கிக்கிட்டு நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வியாபாரத்துக்காக மட்டும்னு நினைக்காதே. எனக்கு அந்தக் கிச்சன்ல ஒரு தடவையாவது சமைக்கணும் நாஸியா. நான் அங்கதான் கத்துக்கிட்டேன். நீயும் அங்கதான் கத்துக்கிட்டே. நீ மட்டும் தினமும் அங்க நிக்கறே, நான் கூடாரத்துல நிக்கறேன்னு நினைச்சு நினைச்சு வயிறு எரிஞ்சுது எனக்கு.

– அப்படியா நினைச்சே?

– பின்ன எப்படி நினைக்கிறது? இப்பவாவது கடை வாசலைக் கொஞ்சம் பாரு. வந்து நிக்கறாரோ என்னவோ.

– நான் கடையில இல்ல லாத்தா. வீட்டுல இருக்கேன்.

– அப்ப கடையை யாரு பாத்துக்கறா?

– இரு. அத்தா நம்பர்ல கால் வருது.

– யாரு?

– பேரு வரல. லோன்காரனா இருக்கும்.

– கனகராஜ்தான். எடு.

– எடுத்து நான் என்ன சொல்றது?

– உன் இஷ்டம். அது உன் கடை. என் லாத்தா பொய் சொல்லிட்டா, நீங்க போயிடுங்கன்னு சொன்னாலும் சொல்லு. நான் மறுபடி உனக்கு அடிக்க மாட்டேன்.

– சாச்சி, கட் ஆகறதுக்குள்ள எடுங்க.

– ஹலோ... ஆமா சார், உதுமான் கடைதான்... ரசியா எங்க லாத்தா, நான் அவங்க தங்கச்சி... ஆமா சார், பூட்டுதான் தொங்கும், கடையை மூடி நாலு மாசமாச்சு... இல்ல சார், போயிடாதீங்க, லைசென்ஸ் இருக்கு, எல்லாம் இருக்கு, அங்கேயே நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துல நான் வந்து திறக்கறேன். சமைக்க ஆள் இல்லாமத்தான் மூடிக் கிடந்துச்சு, எங்க லாத்தா குளுவாங்ல இருந்து கிளம்பிட்டாங்க.